பதினோரு மணிக் காலைச் சாப்பாடு



செமஸ்டர் லீவுக்குப் பிள்ளை வீட்டுக்கு வந்திருக்கிறதா? காலையில் எத்தனை மணிக்கு எழுந்தது? நீங்கள் இட்லி அவித்து, சட்னி அரைத்து, எல்லோரும் சாப்பிட்டு, பாத்திரமும் கழுவிக் கவிழ்த்த பிறகு, பதினோரு மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து "யம்மா, சாப்பிட என்ன இருக்கு?" என்று கேட்டதா?

கேட்டிருந்தால் கவலை வேண்டாம். உங்கள் தெருவில் பாதி வீடு அப்படித்தான். நமக்கு வரும் கடிதங்களில் தாய்மார்களின் புகார் பெரும்பாலும் இந்த ஒரு விஷயம்தான். "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் செல்லைப் பார்க்கான். காலையில சாப்பாடே கிடையாது. கேட்டா, காலேஜ்ல எல்லாரும் இப்படித்தாம்மாங்கான்" என்று புளியங்குடியிலிருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார்.

பிள்ளை பொய் சொல்லவில்லை. எல்லோரும் இப்படித்தான் இருக்கிறார்கள். எப்போதிலிருந்து இப்படி ஆனது என்று பின்னோக்கிப் போனால், 2020 மார்ச் மாதத்தில் போய் நிற்கிறோம். இந்த இதழில் அதைப் பற்றிக் கொஞ்சம் மனம்விட்டுப் பேசலாமா?

கொரோனாவைப் பற்றி இன்னுமா என்று சலித்துக்கொள்ளாதீர்கள். ஆஸ்பத்திரிக் கதை, ஆக்சிஜன் கதை எதையும் எடுக்கப் போவதில்லை. இது அடுக்களைக் கதை.

அந்த அம்மாவின் புளியங்குடியையே எடுத்துக்கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், மதுரையிலிருந்து தென்காசி போகிற சாலையில் இருக்கும் ஊர். எலுமிச்சைச் சந்தை என்றால் தென்மாவட்டங்களில் முதலில் வாயில் வரும் பெயர். எலுமிச்சை, பீடி, சுற்றுவட்டாரத்துத் தறி என்று இவற்றை நம்பித்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கல்லூரி ஊரிலேயே இருக்கிறது. மற்ற பிள்ளைகள் சங்கரன்கோவில், கோவில்பட்டி, குற்றாலம், திருநெல்வேலி என்று பஸ் ஏறுவார்கள். இன்னும் சிலர் சென்னை, கோவை என்று போய் ஹாஸ்டலில் சேருவார்கள்.

பஸ் ஏறுகிற பிள்ளையின் காலை எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஏழு மணி பஸ் என்றால் ஆறே முக்காலுக்குத் தட்டில் ஏதாவது விழுந்தாக வேண்டும். பையில் எலுமிச்சைச் சாதமோ தயிர்ச் சாதமோ போய்விடும். மத்தியானம் ஒரு மணிக்கு பெல் அடித்தால் டப்பா திறக்கும். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வீடு சேர்ந்தால் பசி வயிற்றைக் கிள்ளும். எட்டரைக்குச் சாப்பிட்டால் பத்து மணிக்குத் தானாகவே கண் சொருகும். ஹாஸ்டலில் இருந்தாலும் கதை அதேதான். ஒன்பது மணிக்கு மெஸ் மூடினால் மூடினதுதான்.

அன்றைக்கு நம் பிள்ளைகளின் சாப்பாட்டு நேரத்தை யார் காப்பாற்றி வைத்திருந்தார்கள்? நாம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் அதைச் செய்தவர்கள் பஸ் டிரைவரும், கல்லூரி பெல் அடிப்பவரும், மெஸ் சமையல்காரரும்தான்.

2020 மார்ச் 16-ம் தேதி அறிவிப்பு வந்தது. மறுநாளிலிருந்து கல்லூரிகள் மூடின. மார்ச் 31 வரைதான் என்றார்கள். ஹாஸ்டல் பிள்ளைகள் நாலைந்து உடுப்பை மட்டும் பையில் திணித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்கள். 24-ம் தேதி இரவு பிரதமர் நாடு முழுவதும் ஊரடங்கை அறிவித்தார். அதன் பிறகு இளங்கலை இறுதியாண்டு மாணவர்கள் கல்லூரி வாசலை மிதித்தது டிசம்பர் 7-ம் தேதி. இளங்கலையில் மற்றவர்களுக்கு 2021 பிப்ரவரி 8. இரண்டாவது அலை வந்து மறுபடியும் மூடி, செப்டம்பர் 1-ம் தேதிதான் திறந்தார்கள். 2022 ஜனவரியில் இன்னொரு முறை மூடினார்கள். மூன்று வருடப் படிப்பில் பாதியை வீட்டுத் திண்ணையில் முடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அந்த ஏப்ரல் மாதத்தை புளியங்குடிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தென்காசி தனி மாவட்டமாகி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. மாவட்டத்தில் முதலில் அதிகமாக அடிபட்ட பெயர் புளியங்குடிதான். தெருக்களைத் தட்டி வைத்து அடைத்தார்கள். வாசலை விட்டு இறங்கவே யோசித்த நாட்கள் அவை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் சில வாரங்களில் நிறையப் பிள்ளைகள் முன்பைவிட நன்றாகச் சாப்பிட்டார்கள். ஹாஸ்டல் சாம்பாரில் பருப்பைத் தேடிக்கொண்டிருந்தவனுக்கு வீட்டில் கூட்டாஞ்சோறு, சொதி, உளுந்தங்களி, கானத் துவையல் என்று கிடைத்தால் கசக்குமா? பரோட்டாக் கடையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. குற்றாலம் பக்கம் பார்டர் கடைக்கு வண்டியை விரட்ட முடியாது. ஆச்சி வைத்த நீராகாரத்தைக் குடித்துவிட்டு, அதையே போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள்.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததில்லை. 2020-ல் இத்தாலியில் 3,500-க்கும் மேற்பட்டவர்களிடம் ஆய்வாளர்கள் ஊரடங்குச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார்கள். 18 முதல் 30 வயது வரை உள்ளவர்கள்தான் அந்த நாட்டின் பாரம்பரியச் சாப்பாட்டை மற்ற வயதினரைவிட அதிகம் ஒட்டிச் சாப்பிட்டிருந்தார்கள். ஆனால் அதே ஆய்வில் கிட்டத்தட்ட பாதிப் பேர் எடை கூடிவிட்டதாகச் சொன்னார்கள். நல்ல சாப்பாடு, கூடிய எடை. இரண்டும் ஒரே வீட்டில் எப்படி நடக்கும் என்று கேட்கிறீர்களா? வருகிறேன்.

இன்னொரு லாபத்தையும் சொல்ல வேண்டும். ஆண் பிள்ளைகள் அடுக்களைக்குள் வந்தார்கள். டல்கோனா காபிக்காகக் கை வலிக்க நுரை அடித்தது சும்மா விளையாட்டுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதோடு நிற்காமல் தோசை வார்க்கவும் ரசம் வைக்கவும் கற்றுக்கொண்டவர்கள் உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்து வில்லேஜ் குக்கிங் சேனல் 2021 ஜூலையில் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. தமிழில் அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் யூடியூப் சேனல் அதுதான். அடைபட்டுக் கிடந்த காலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் சமைப்பதைக் கண் இமைக்காமல் பார்த்தவர்களில் நம் கல்லூரிப் பிள்ளைகள் எத்தனை பேரோ!

அந்த வருட ரம்ஜானும் ஊரடங்குக்குள்தான் வந்தது. வழக்கமாகப் பள்ளிவாசலில் பெரிய அண்டாவில் காய்ச்சி ஊற்றும் நோன்புக் கஞ்சியை அந்த வருடம் வீட்டிலேயே காய்ச்சிக்கொள்ள வேண்டியதாயிற்று. அரசு கொடுத்த அரிசி வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. உம்மாவின் பக்கத்தில் நின்று கஞ்சி கிண்டக் கற்றுக்கொண்ட பையன்களும் இந்த ஊர்களில் இருக்கிறார்கள்.

எல்லா வீடும் இப்படி இருந்ததா? இல்லை. இங்கேதான் நாம் பேசாமல் விட்ட ஒரு விஷயம் இருக்கிறது.

பீடி இலையும் தூளும் வரவில்லை என்றால் சுற்றும் கைக்கு வேலை இல்லை. தறி நின்றால் கூலி இல்லை. அந்த வீடுகளுக்கு ஏப்ரலில் ரேஷன் கார்டுக்கு ஆயிரம் ரூபாயும், இலவச அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் வந்தன. மத்திய அரசுத் திட்டத்தில் தலைக்கு 5 கிலோ அரிசி கூடுதலாக வந்தது. பட்டினி இல்லாமல் காப்பாற்றியது அந்த அரிசிதான், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் தட்டில் சோறு இருந்தது, பக்கத்தில் எதுவும் இல்லை. காலையில் பழைய சோறு, மத்தியானம் சோறும் புளிக்குழம்பும், ராத்திரியும் அதே குழம்பு.

இப்போது யோசியுங்கள். அரசு விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைக்கு அங்கே மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பாடு, முட்டை, வாரத்தில் ஒருநாளாவது கறி. விடுதி மூடியதும் அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்தது விடுமுறைக்கு வந்த மாதிரியா இருந்திருக்கும்? நாம் எல்லோரும் ஹாஸ்டல் சாப்பாட்டைக் கிண்டல் செய்தே பழகிவிட்டோம். ஹாஸ்டல்தான் நல்ல சாப்பாடு என்றிருந்த பிள்ளைகள் நம் கண்ணில் படவே இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சத்துணவுக்குப் பதிலாக அரிசி, பருப்பு கொடுத்தார்கள். கல்லூரி விடுதி மாணவர் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டவர்கள் குறைவு. அப்போது கல்லூரி விடுதி மாணவருக்கு உணவுப்படியாக மாதம் 1,100 ரூபாய் இருந்தது. 2023-ல் 1,500 ஆக்கினார்கள். நாளுக்கு ஐம்பது ரூபாய். இன்றைய விலைவாசியில் அதில் மூன்று வேளை எப்படிச் சமைப்பது என்று சமையல் தெரிந்த நம் வாசகிகளே சொல்லட்டும்.

சரி, எடைக்கு வருகிறேன்.

வகுப்புகள் செல்போனுக்குள் வந்தன. மலையடிவார ஊர்களில் சிக்னல் எங்கே கிடைக்கும்? மொட்டை மாடியில், தோட்டத்து வரப்பில். கொஞ்ச நாள் பிள்ளைகள் ஒழுங்காக எழுந்து உட்கார்ந்தார்கள். பிறகு கேமராவை அணைத்துவிட்டுப் படுத்தபடியே வகுப்பு கேட்கும் வித்தையைக் கண்டுபிடித்தார்கள். "ஏல, எந்திரில, மணி பத்தாவுது" என்றால், "கிளாஸ் ஓடுதும்மா" என்று போர்வைக்குள்ளிருந்து பதில் வரும். 2020 ஜூலையில் இறுதியாண்டு தவிர மற்றவர்களுக்கு செமஸ்டர் தேர்வு ரத்து. தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தால் அரியரும் பாஸ் என்று ஆகஸ்டில் அறிவித்தார்கள். எழுந்திருக்கக் காரணமே இல்லாமல் போனது.

இதில் யாரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. நம் செல்போன் டேட்டா கணக்கு. நாளுக்கு ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்று கொடுக்கிறார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பழைய கணக்கு முடிந்து புதிய கணக்கு திறக்கிறது. மீதி இருந்தால் பன்னிரண்டுக்குள் தீர்க்கப் பிள்ளை விழித்திருக்கும். தீர்ந்துபோயிருந்தால் பன்னிரண்டு ஆகட்டும் என்று விழித்திருக்கும். 2021 ஜனவரியில் தமிழக அரசு 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி இலவச டேட்டா அறிவித்தது. ஆன்லைன் வகுப்புக்கு அது அவசியமான உதவிதான். ஆனால் ஊரே தூங்கும் நேரத்தில் புதிய டேட்டா திறக்கும் என்றால், பிள்ளைகள் எப்போது தூங்குவார்கள்?

பன்னிரண்டு மணிக்கு விழித்திருந்தால் பசிக்கும். அந்த நேரத்தில் அடுக்களையில் என்ன கிடைக்கும்? பிஸ்கட், மிக்சர், நூடுல்ஸ், ஒரு டீ. அந்த ஊரடங்கு மாதங்களில் பார்லே-ஜி பிஸ்கட் விற்பனை அதுவரை இல்லாத அளவு உயர்ந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. நடந்தே ஊர் திரும்பிய தொழிலாளர்களின் பசிக்கும் அதுதான், நம் பிள்ளைகளின் நடுராத்திரிப் பசிக்கும் அதுதான்.

உடம்புக்கு ஒரு கடிகாரம் உண்டு. பகலில் சாப்பிட்ட சர்க்கரையை இன்சுலின் சுறுசுறுப்பாகச் சமாளிக்கும். ராத்திரி ஏற ஏற அதன் வேகம் குறையும். காலை எட்டு மணிக்கு நாலு இட்லி சாப்பிடுவதும் நடுராத்திரியில் அதே நாலு இட்லியைச் சாப்பிடுவதும் உடம்புக்கு ஒன்றில்லை. நடுராத்திரி டீ, காபியில் இருக்கும் கஃபீனில் பாதி, நாலைந்து மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும். தூக்கம் தள்ளிப்போகும். விடிந்தால் வயிறு மந்தமாக இருக்கும், காலைச் சாப்பாடு இறங்காது. பதினோரு மணிக்குத்தான் பசி எடுக்கும். இது திமிரோ சோம்பலோ இல்லை. உடம்பு தன் கணக்கை மாற்றி எழுதிக்கொண்டுவிட்டது.

சாப்பிட்டது கரைய வழியும் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பது நின்றது, கல்லூரியில் மாடிப்படி ஏறுவது நின்றது, மைதானம் நின்றது. அந்த வருடச் சீசனுக்குக் குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தது, குளிக்க ஆள் இல்லை. டிசம்பர் நடுவில்தான் அனுமதித்தார்கள். ஒன்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். அந்த 2020-ல் டாஸ்மாக் கடைகளை மே மாதத்திலேயே திறந்துவிட்டோம். ஜிம் திறக்க ஆகஸ்ட் 10 வரை காத்திருந்தோம்.

எடை கூடியதற்கு எல்லாப் பழியையும் கொரோனா மீது போடவும் முடியாது. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் 2015-16-ல் 30.9 சதவீதம். அடுத்த கணக்கெடுப்பில் 40.4 சதவீதம். ஆண்களில் 28.2 சதவீதம் 37 ஆனது. இந்த இரண்டாவது கணக்கெடுப்பு நம் மாநிலத்தில் ஊரடங்குக்கு முன் ஒரு பகுதியும், பின் ஒரு பகுதியுமாக நடந்தது. அதாவது, நாம் ஏற்கெனவே அந்தப் பாதையில்தான் போய்க்கொண்டிருந்தோம். ஊரடங்கு பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளியது.

அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண் இருக்கிறது. தமிழ்நாட்டில் அந்த வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கல்லூரிக்குப் போகும் மகள் உள்ள வீடுகள் இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். ஊரடங்கில் பையன் படுத்துக்கொண்டு வகுப்பு கேட்டான். மகள் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பாத்திரம் கழுவினாள், அல்லது அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றினாள். எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் பழக்கத்தை அம்மாவிடமிருந்து எடுத்துக்கொண்டாள். வீட்டில் எல்லோரும் இருந்ததால் மிச்சமும் குறைவு.

இந்த ரத்தசோகைக்குப் புளியங்குடியிடமே ஒரு கைமருந்து இருக்கிறது. கொரோனா காலத்தில் எலுமிச்சையைச் சுடுதண்ணீரில் பிழிந்து பிழிந்து குடித்தோம், நினைவிருக்கிறதா? வைட்டமின் சி வைரஸைத் தடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் வராத நாளில்லை. எலுமிச்சை கொரோனாவைத் தடுக்கவில்லை. ஆனால் அது உறுதியாகச் செய்யக்கூடிய ஒரு வேலையை நாம் கேட்டு வாங்கவில்லை. முருங்கைக்கீரை, கானப்பயறு, சுண்டல் இவற்றில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளாது. வைட்டமின் சி சேர்ந்தால் நன்றாக எடுத்துக்கொள்ளும். டீ சேர்ந்தால் குறைத்துக்கொள்ளும். ஆகவே, சுண்டலை இறக்கி ஆறவிட்டு மேலே அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் சத்து போய்விடும். சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம், ஒரு மணி நேரம் போகட்டும். ரத்தசோகை இருப்பது தெரிந்தால் டாக்டர் கொடுக்கும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். எலுமிச்சை அதற்குத் துணை மட்டும்தான்.

கல்லூரிகள் திறந்தன, பஸ் ஓடியது, மெஸ் திறந்தது. பழக்கம் மட்டும் திரும்பவில்லை. அன்று கல்லூரியில் இருந்தவர்கள் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறார்கள். ராத்திரி பதினொன்றரைக்கு ஆப்பில் பிரியாணி வரவழைக்கிறார்கள். இன்று கல்லூரியில் இருப்பவர்கள் அன்று பள்ளியில் படித்தவர்கள். அண்ணனைப் பார்த்து வளர்ந்தவர்கள். அவர்களுக்குக் காலைச் சாப்பாடு இல்லாத காலை ஒரு புதுமையே இல்லை.

திட்டினால் மாறுமா? நீங்களும் பார்த்துவிட்டீர்கள், மாறாது. நானும் ஒரு வீட்டில்தான் வாழ்கிறேன்.

நான் கேட்டுக்கொள்வது சின்ன விஷயம். காலையில் எழுப்பும் சண்டையைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். ராத்திரிச் சாப்பாட்டைப் பிடியுங்கள். எட்டு மணி என்றால் எட்டு மணி. வீட்டில் இருக்கிற எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள், செல்போன்கள் எல்லாம் வேறு அறையில் இருக்கட்டும். அப்பாவின் செல்போனும்தான். பிள்ளையைக் குறை சொல்லும் எத்தனை அப்பாக்கள் பன்னிரண்டு மணி வரை ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அம்மாக்களுக்குத் தெரியும். எட்டு மணிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டால் நடுராத்திரி பிஸ்கட் டப்பாவின் வேலை குறையும். இரண்டு வாரம் பிடித்து நின்றால் காலைப் பசி தானாக முன்னே வரும்.

கல்லூரி நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. முதல் வகுப்பு முடிந்ததும் ஒரு பத்து நிமிடம் விடுங்கள். கேன்டீனில் அந்த நேரத்துக்கு இட்லியும் சுண்டலும் கிடைக்கட்டும், பப்ஸும் கூல்டிரிங்க்ஸும் பிறகு வரட்டும். காலையில் வெறும் வயிற்றோடு வந்து மயங்கி விழும் மாணவியைத் தண்ணீர் தெளித்து எழுப்புவதைவிட இது எளிது.

புளியங்குடி அம்மாவுக்குத் தனியாகப் பதில் எழுதிவிட்டேன். உங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு, அதை முன்னே கொண்டுவர என்ன செய்தீர்கள், எங்கே தோற்றீர்கள் என்று எழுதுங்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளே எழுதினால் இன்னும் மகிழ்ச்சி. அம்மாவைப் பற்றிய புகாராக இருந்தாலும் பரவாயில்லை, அடுத்த இதழில் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்